டேட், வாட், பிகே3: பழைய விளையாட்டுக் கோப்புகள் ஏன் திறக்க மறுக்கின்றன?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கானாடுகாத்தானில் பூட்டியே கிடந்த ஐயா வீட்டைப் பொங்கலுக்குத் திறந்திருக்கிறார்கள். இரண்டாங்கட்டு அறையில், பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால், அண்ணனுடைய பழைய கணினி இருந்திருக்கிறது. தூசி தட்டி மின்சாரம் கொடுத்ததும் விண்டோஸ் எக்ஸ்பி உயிரோடு எழுந்துவிட்டது. விளையாட்டுக் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுவந்து தன் புது மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறார். டூம்2 என்ற வாட் கோப்பு, பாக்0 என்ற பிகே3 கோப்பு, ஜிடிஏ3 என்ற இமேஜ் கோப்பு, ஏவிசெக்01 என்ற டேட் கோப்பு ஆகிய நான்கும் திறக்கவில்லை. முதலாவதை நோட்பேடில் போட்டால் கோணல்மாணலான எழுத்துகள். இரண்டாவது 'கெட்டுப்போன கோப்பு' என்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றாகவே இருக்கிறதாம். விளையாட்டையே ஓடவிட்டால் 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று சொல்லிச் செத்துப்போகிறது. மடிக்கணினியில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

இத்தனைக்கும் அவர் ஆசைப்படுவது ஒன்றுதான்: சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வைஸ் சிட்டி விளையாட்டை எந்த இடத்தில் விட்டாரோ, அந்த இடத்திலிருந்து தொடர்ந்து ஆடி அவருக்குக் காட்ட வேண்டும்.

காரைக்குடியில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் கோப்பு திறக்காவிட்டாலும் அதன் பின்னொட்டை, அதாவது பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, மாற்றிப் பார்க்காதீர்கள். டேட் என்பதை எம்பி4 என்று மாற்றினால் அது படமாகிவிடாது. பெயர்ப் பலகையை மாற்றினால் வட்டிக்கடை மளிகைக்கடை ஆகிவிடாது. நோட்பேடில் திறந்து பார்த்ததில் குற்றமில்லை. ஆனால் மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்டு, நீங்கள் 'ஆம்' என்று அழுத்தியிருந்தால் அந்த நகல் போயிற்று. நோட்பேட் தனக்குப் புரியாத பைட்டுகளை எழுத்தாக நினைத்து மாற்றி எழுதிவிடும். 'எல்லாக் கோப்பையும் திறக்கும்' என்று விளம்பரம் செய்கிற மென்பொருள்களையும், 'காணாமல்போன டிஎல்எல் இங்கே கிடைக்கும்' என்கிற தளங்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். என் கடைக்கு வரும் வைரஸ் பிடித்த கணினிகளில் பல அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன.

சரி, கோப்புகளுக்கு வருவோம். இந்த நான்கும் நான்கு வேறு நோய். ஒரே மருந்து கிடையாது.

டூம்2 கோப்புக்கு நோயே இல்லை. அது இரண்டு முறை சொடுக்கித் திறப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1993 டிசம்பரில் டூம் என்ற துப்பாக்கி விளையாட்டு வெளிவந்தபோது, படம், ஒலி, வரைபடம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்கு வாட் என்று பெயர் வைத்தார்கள். 'எல்லாத் தரவும் எங்கே?' என்ற ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள் அவை. மூட்டையை அவிழ்க்கத் தெரிந்தது எஞ்சின், அதாவது விளையாட்டை ஓட்டும் நிரல், மட்டும்தான். விண்டோஸுக்கு அது யார் வீட்டுப் பெட்டகமோ.

பெட்டகம் நல்லபடியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க முடியும். கோப்பின் பைட்டுகளை உள்ளபடியே காட்டும் ஹெச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரை நிறுவி அதில் திறந்து பாருங்கள். வலப்பக்கத்தில் முதல் நான்கு எழுத்தாக ஐ, டபிள்யூ, ஏ, டி என்று ஆங்கிலத்தில் தெரிய வேண்டும். மூல விளையாட்டின் மூட்டை என்றால் ஐ. பிறர் செய்து சேர்த்த கூடுதல் வரைபடம் என்றால் அந்த இடத்தில் பி. அடுத்த நான்கு பைட், உள்ளே எத்தனை பொருள் இருக்கிறது என்ற எண்ணிக்கை. அதற்கடுத்த நான்கு, சாமான் பட்டியல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற முகவரி. தலைப்பு அவ்வளவுதான், மொத்தம் 12 பைட். டூம்2-இன் 1.9 பதிப்பு என்றால் 2919 பொருள். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 16 பைட். ஆகப் பட்டியல் மட்டும் 46,704 பைட். கோப்பின் மொத்த அளவு 14,604,584 பைட். உங்கள் கோப்பின் மேல் வலது சொடுக்கி அளவைப் பாருங்கள். இந்த எண்ணிலிருந்து ஒரு பைட் மாறினாலும் அது வேறு பதிப்பாக இருக்கலாம், அல்லது நோட்பேட் கைவைத்த கோப்பாக இருக்கலாம். முதல் நான்கு எழுத்து கெட்டிருந்தால் விளையாட்டே 'இதில் அந்த அடையாளம் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லி நின்றுவிடும். நல்ல மென்பொருளுக்கு அழகு அது.

எல்லாம் சரியென்றால், டூமின் மூலநிரலை 1997-இலேயே பொதுவில் விட்டுவிட்டார்கள் என்பதால் ஜிஸெட்டூம் போன்ற புது எஞ்சின்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த எஞ்சினின் போல்டரிலேயே வாட் கோப்பை வைத்தால் போதும். ஆட வேண்டாம், உள்ளே இருக்கும் படங்களைப் பார்த்தால் போதும் என்றால் ஸ்லேட் என்ற மென்பொருள் பட்டியலை விரித்துக் காட்டும்.

இரண்டாவது கோப்புதான் எனக்குப் பிடித்தமான கேஸ். பாக்0 என்ற பிகே3, 1999-இல் வந்த குவேக் 3 விளையாட்டுடையது. அளவு ஏறத்தாழ 457 எம்பி இருக்க வேண்டும். பிகே3 என்பது பெயரை மாற்றிக்கொண்ட சாதாரண ஜிப் கோப்பு. 7-ஜிப் மென்பொருளில் நேராகத் திறக்கும். தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு எழுத்து இருக்கும். ஜிப் முறையை வகுத்த ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. உங்கள் கோப்பிலும் அந்த இரண்டும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அளவும் சரி, தலையும் சரி. பிறகேன் கெட்டுப்போனது என்கிறது?

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்று பார்த்தால் பர்மாத் தேக்குத் தூணும் பளிங்கும் பளபளக்கும். சமையல்கட்டின் ஓடு சரிந்து கிடக்கிறதா என்பது மூன்றாங்கட்டு வரை நடந்து போனால்தான் தெரியும். ஜிப்பும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் அதன் கடைசியில்தான் இருக்கிறது. பட்டியலுக்கும் பின்னால், 'பட்டியல் இங்கே தொடங்குகிறது' என்று சொல்லும் குறைந்தது 22 பைட் கொண்ட முடிவுக் குறிப்பு ஒன்று. திறக்கும் மென்பொருள் முதலில் ஓடுவது பின்வாசலுக்கு. அங்கே குறிப்பு இல்லையென்றால், முன்னால் 450 எம்பி நன்றாக இருந்தாலும் கையை விரித்துவிடும்.

அளவு மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது? விண்டோஸ் நகலெடுக்கத் தொடங்கும்போதே முழு அளவுக்கும் இடத்தை ஒதுக்கிக்கொள்வது வழக்கம். கல்யாண வீட்டில் பந்திப் பாயை முழுக்க விரித்துவிட்டுப் பிறகு இலை போடுவதைப்போல. பாதியில் பென் டிரைவைப் பிடுங்கினால் பாய் முழுக்க இருக்கும், கடைசி வரிசையில் இலை இருக்காது. பழைய கணினியில் யுஎஸ்பி 1.1 இருந்தால் நொடிக்கு ஒரு எம்பி போவதே பெரிது. 457 எம்பிக்கு எட்டு நிமிடமாவது ஆகும். திரையில் நகல் பெட்டி மறைந்த பிறகும் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் யாராவது 'காபி ஆறுகிறது' என்று கூப்பிட்டிருப்பார்கள், நீங்களும் பிடுங்கிக்கொண்டு எழுந்திருப்பீர்கள். ஹெச்எக்ஸ்டியில் கோப்பின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மறுபடி பி, கே என்ற எழுத்துகள் தெரிந்தால் என் ஊகம் தவறு. வெறும் சைபர்களாக வரிசை வரிசையாக நின்றால் விடை கிடைத்துவிட்டது: மறுபடி நகலெடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

சைபர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது போலிப் பென் டிரைவ். திருவிழாக் கடையில் இருநூறு ரூபாய்க்கு '1 டிபி' என்று விற்பார்கள். உள்ளே எட்டோ பதினாறோ ஜிபிதான் இருக்கும். அதைத் தாண்டியதும் எழுதுவதுபோல் பாசாங்கு செய்யும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். போல்டரும் பெயரும் அளவும் அழகாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

நகல் சரியா என்று அளவைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். புது விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. ஹேஷ்ஃபைல் என்ற விருப்பத்தோடு கோப்பைக் கொடுத்து, கடைசியில் ஷா256 என்றும் சேர்த்தால், கோப்பின் ஷா256 என்ற கைரேகையைக் கணக்கிட்டுக் காட்டும். எக்ஸ்பியில் அந்த வசதி இல்லாததால் அதே கோப்பை இரண்டு வேறு பென் டிரைவில் எடுத்துவந்து இரண்டின் கைரேகையையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் நகலெடுத்ததில் பிழை இல்லை. பழைய டிஸ்கிலேயே கோப்பு கெட்டிருந்தால் இது காட்டாது. ஆனால் பாதி வியாதி இங்கேயே பிடிபடும்.

ஜிடிஏ3 இமேஜ் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'இமேஜ்' என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் படம் என்றோ ஒரு சிடியின் முழு நகல் என்றோ நினைக்காதீர்கள். வைஸ் சிட்டியில் இந்தக் கோப்புக்கு ஒரு தம்பி உண்டு: அதே பெயரில், டிஐஆர் என்ற பின்னொட்டோடு. பொருள்கள் எல்லாம் அண்ணனிடம், பட்டியல் முழுக்கத் தம்பியிடம். ஒவ்வொரு பொருளுக்கும் 32 பைட்: எங்கே, எவ்வளவு நீளம், என்ன பெயர். சின்னக் கோப்புதானே என்று அதை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். தம்பி இல்லாமல் அண்ணன் வாய் திறக்க மாட்டார். அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸில் இரண்டையும் ஒரே கோப்பாக்கிவிட்டார்கள். போல்டரை அப்படியே முழுசாக எடுக்க வேண்டும், பொறுக்கி எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான்காவது, ஏவிசெக்01 என்ற டேட் கோப்பு. இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். டேட் என்ற பின்னொட்டுக்குப் பொருளே கிடையாது. 'ஏதோ தரவு' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். பேரன் ஊருக்கு வந்தபோது, 'இது ஏதோ விளையாட்டுக் கோப்பு ஆயா, திறக்கவில்லை, அழித்துவிடலாம்' என்று சொல்லிவிட்டுப் போனானாம். ஆச்சிக்கு மனது கேட்கவில்லை. நான் அதை விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டேன். நாதஸ்வரம் ஒலித்தது. முகப்பில் கோலம், பட்டாலையில் ஜமக்காளம். ஆச்சியின் கணவருக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். ஆச்சி நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை.

வீடியோ சிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் இருக்கும் படக் கோப்புகளுக்கு இந்தப் பெயர்தான் இருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் முதல் நான்கு எழுத்து ஆர், ஐ, எஃப், எஃப் என்று தெரியும். ஆகவே உங்கள் நான்காவது கோப்பு விளையாட்டே இல்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்று விஎல்சியில் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தமிழ்ப் பயனர் பெயர். விளையாட்டை ஓடவிட்டால் 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நம்மவர்களைத் தவிர வேறு யாரும் இதை எளிதில் ஊகிக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து விளையாட்டுகள் கோப்பின் பாதையை எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் கேட்பதில்லை. எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறையில், எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் கணினியின் குறிப்பக்கத்தை நம்பிக் கேட்கும். ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் தாய் மொழிக்கும்கூட விண்டோஸில் அப்படியொரு குறிப்பக்கம் இருக்கிறது. தமிழுக்கு இல்லை, தமிழ் விண்டோஸுக்குள் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆகவே பழைய விளையாட்டு 'நான் எந்த போல்டரில் இருக்கிறேன்?' என்று கேட்டால், உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறியை விண்டோஸ் திருப்பிக் கொடுக்கும். கேள்விக்குறியோ விண்டோஸில் கோப்புப் பெயருக்கே ஆகாத எழுத்து. இல்லாத விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிவிட்டு, 'வீட்டில் யாரும் இல்லை' என்று விளையாட்டு திரும்பிவருகிறது. கோப்பின் மேல் ஒரு தவறும் இல்லை.

அமைப்புகளில் போய்ப் பயனர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பயனில்லை; திரையில் தெரியும் பெயர் மாறும், வட்டில் இருக்கும் போல்டரின் பெயர் பழையபடியே தமிழில் நிற்கும். சி டிரைவில் நேராக ஆங்கிலப் பெயரில் ஒரு போல்டர் போட்டு விளையாட்டை அங்கே வையுங்கள். அப்படியும், சேமிப்புக் கோப்பை ஆவணங்கள் போல்டரில் எழுதப் போய்ச் சில விளையாட்டுகள் மறுபடி தடுக்கி விழும். அதற்கு ஆங்கிலப் பெயரில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதிலிருந்து ஆடுவதே நிம்மதி. மொழி அமைப்பில் 'யுடிஎஃப்-8, பீட்டா' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஒன்றைத் திருத்தப்போய் வேறு பழைய மென்பொருள்களை அது கோணலாக்கிவிடுவதால் நான் தொடுவதில்லை. தமிழில் பெயர் வைத்ததற்காக நீங்கள் வருந்தவும் வேண்டாம். வெட்கப்பட வேண்டியது அந்த விளையாட்டுதான்.

புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள்ளும் பழைய விளையாட்டுகளை வைக்காதீர்கள். விஸ்டா காலத்திலிருந்து, அங்கே எழுத வரும் பழைய மென்பொருளை விண்டோஸ் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஒளிவிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. கோப்பு ஒன்று, விளையாட்டு படிப்பது இன்னொன்று என்று ஆகிவிடும்.

மற்றவை சுருக்கமாக. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிறுவிகள் ஓடவே ஓடா. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடி விளையாட்டுகள் 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் அந்தப் பூட்டுக்கான டிரைவர் இல்லாததால் நின்றுவிடுகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏதாவது ஒரு கோப்பைத் தனியறையில் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு என்றால் இத்தனை பாடும் இல்லை. கோப்புகளைச் சரிபார்க்கும் தேர்வை அழுத்தினால் கெட்டதை அதுவே மாற்றிவைக்கும்.

இனி அண்ணன் விட்ட இடம். நீங்கள் கொண்டுவந்த நான்கு கோப்பிலும் அது இல்லை, தம்பி. வைஸ் சிட்டி தன் சேமிப்பை விளையாட்டுப் போல்டரில் வைப்பதில்லை. எக்ஸ்பியில் மை டாக்குமெண்ட்ஸுக்குள் 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்று ஒரு போல்டர் இருக்கும். அதில் 'ஜிடிஏவிசிஎஸ்எஃப்' என்று தொடங்கி, ஒரு எண்ணும், பின்னொட்டாக 'பி' என்ற ஒற்றை எழுத்தும் கொண்ட கோப்புகள்தான் சேமிப்பு. அண்ணனுக்கென்று எக்ஸ்பியில் தனிக் கணக்கு இருந்திருந்தால் அவருடைய மை டாக்குமெண்ட்ஸில் தேட வேண்டும், உங்களுடையதில் அல்ல. இவற்றையும் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். கடைசி நான்கு பைட், முன்னால் உள்ள எல்லா பைட்டையும் கூட்டிய தொகை. நம் ஊர்க் கணக்குப்பிள்ளை ஐந்தொகை போடுவதுபோல, ஓர் எண் இடறினாலும் விளையாட்டு ஏற்காது.

அந்தச் சேமிப்பை வேறெங்கோ கிடைத்த வைஸ் சிட்டியில் போட்டாலும் ஓடாமல் போகலாம். அண்ணன் காலத்தில் மோட் (பிறர் செய்த மாற்றம்) போட்டு, விளையாட்டின் கட்டங்களை நடத்தும் மிஷன் ஸ்கிரிப்டை மாற்றியிருந்தால், அதே ஸ்கிரிப்ட் உள்ள விளையாட்டில்தான் அந்தச் சேமிப்பு பிடிக்கும். ஆகவே விளையாட்டுப் போல்டர், டாக்குமெண்ட்ஸ் போல்டர் இரண்டும் முழுசாக வேண்டும்.

எடுக்கும் முறையைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், படிக்கத் திணறிய ஒரு டிஸ்கில் 'பிழை திருத்து' என்று விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்கை ஓடவிட்டேன். திருத்தியது. போல்டர் பெயரெல்லாம் போய், எண் போட்ட சிஎச்கே கோப்புகளாக ஒரு குவியல் மிஞ்சியது. வாடிக்கையாளர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. பழைய டிஸ்கில் முதலில் நகல், பிறகுதான் வைத்தியம்.

அடுத்த முறை அந்த வீட்டைத் திறக்கும்போது கணினியை ஓடவிட்டுக்கொண்டே தேடாதீர்கள். டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் இணைப்பானில் மாட்டி, மடிக்கணினிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பென் டிரைவே தேவைப்படாது. அந்த இணைப்பானுக்குத் தனி மின் அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது. 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு என்னிடமோ வேறு தெரிந்தவரிடமோ கொடுங்கள். நகலெடுத்து முடித்த பிறகு, ஆடுவதற்குப் புது மடிக்கணினியோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பி கணினிதான் நன்றாக ஓடுகிறதே. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மட்டும் மாற்றுங்கள், கணினி தேதியை மறக்காது. முகப்புத் திண்ணையில் வைத்து அதிலேயே ஆடி, அண்ணனுக்கு அங்கிருந்தே வீடியோ அழைப்புப் போடலாம்.